விவாத இழை: பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தால் யூத நெறி கேட்பது நோன்பா, உண்டியலா?

#1 பனையோலை

யூத சமயத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பலர் 'டிக்குன் ஓலம்' என்ற இரண்டு சொல்லைப் போட்டு, 'உலகைச் சீராக்குவதே யூதரின் கடமை' என்று முடித்துவிடுகிறார்கள். 1965 மார்ச்சில் ரப்பி (யூத சமய ஆசான்) ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷெல், மார்ட்டின் லூதர் கிங்கோடு செல்மாவில் கறுப்பர் வாக்குரிமைக்காக நடந்த படமும் கூடவே வரும். நல்ல படம்தான். ஆனால் நெருக்கடி வந்தால் இந்த நெறி ஒரு சாதாரண ஆளை எழுந்து என்ன செய்யச் சொல்கிறது? எவ்வளவு, யாருக்கு, எந்த நேரத்துக்குள்? அதைப் பேசத்தான் இந்த இழை.

நானே ஒன்றைப் போட்டுத் தொடங்குகிறேன். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத்தொகுப்பில் தாஅனித் என்ற பகுதி, மழை பொய்த்தால் ஊர் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. மார்ஹெஷ்வான் மாதம் 17ஆம் தேதி வரை மழை இல்லையென்றால் கற்றறிந்த தனிநபர்கள் மட்டும் மூன்று நோன்பு இருப்பார்கள். கிஸ்லேவ் மாதம் பிறந்தும் வானம் இரங்கவில்லையா, ஊருக்கே மூன்று நோன்பு. அதற்கும் பலனில்லையென்றால் இன்னும் மூன்று, பிறகு ஏழு. ஆக ஊர் நோன்பு 13. கடைசி ஏழில் கடையடைப்பும் உண்டு. திங்களன்று பொழுது சாயும்போது கதவைக் கொஞ்சம் திறக்கலாம். வியாழனன்று மட்டும் நாள் முழுக்க அனுமதி, சனிக்கிழமை ஓய்வுநாளுக்குச் சாமான் வாங்க வேண்டுமே.

அந்த ஏழு நாளும் தோரா (வேதச் சுருள்) வைத்த பேழையை ஊர்ச் சதுக்கத்துக்குத் தூக்கி வந்து அதன்மேல் சாம்பல் தூவுவார்கள். தலைவர் தலையிலும் நீதிமன்றத் தலைவர் தலையிலும் சாம்பல். அப்போது மூத்தவர் எழுந்து சொல்வது இது: "சகோதரரே, நினிவே மக்களைப் பற்றி 'கடவுள் அவர்களுடைய சாக்குத்துணியையும் நோன்பையும் கண்டார்' என்று எழுதவில்லை. 'அவர்களுடைய செய்கைகளைக் கண்டார்' என்றுதான் எழுதியிருக்கிறது."

நினிவே, யோனா நூலில் மனம் திருந்தி அழிவுக்குத் தப்பிய நகரம். சடங்கின் உச்சத்தில் நின்றுகொண்டு சடங்கு போதாது என்கிறார். இதற்கு மேல் நீங்கள் சொல்லுங்கள்.

#2 கணக்கப்பிள்ளை

நல்ல இடத்தில் தொடங்கினீர்கள். நோன்பு நாளிலேயே அந்தச் 'செய்கை'க்குக் கெடு வைத்திருக்கிறார்கள். நோன்பன்று கொடுக்க வேண்டிய தானத்தை இரவு தாண்ட விட்டவன் இரத்தம் சிந்தியவனுக்குச் சமம் என்கிறது, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் (சன்ஹெட்ரின் 35அ). உடனே ஒரு நுணுக்கத்தையும் சேர்க்கிறது. ரொட்டியும் பேரீச்சம்பழமும் கொடுக்கும் ஊருக்குத்தான் இந்தக் கடுமை. காசோ கோதுமையோ கொடுக்கும் ஊரில் இல்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த ஏழை, பொழுது இறங்கியதும் வாயில் போட அந்த ரொட்டியை நம்பி உட்கார்ந்திருப்பான். கோதுமையை அன்றிரவே அரைத்துச் சுட்டுத் தின்னப்போவதில்லை.

இனி ஊர் அமைப்பு. இரண்டு ஏற்பாடுகள் இருந்தன: 'குப்பா', 'தம்ஹூய்'.

குப்பா என்பது ஊர் உண்டியல். வாரக் கணக்கு. வெள்ளிக்கு வெள்ளி பட்டுவாடா. அந்த ஊர் ஏழைகளுக்கு மட்டும். தம்ஹூய் என்பது அன்றாட உணவுத் தட்டு. அன்று வாங்கியதை அன்றே கொடுத்துவிட வேண்டும். ஊர்பேர் தெரியாத வழிப்போக்கனும் கை நீட்டலாம்.

குப்பாவுக்கு வசூல் செய்ய இருவர் போக வேண்டும், பங்கிட மூவர் உட்கார வேண்டும். மக்கள் தலையில் பணச்சுமை ஏற்றும் அதிகாரத்தைத் தனி ஆளிடம் கொடுக்கக்கூடாது, அதனால் இருவர். யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது பண வழக்கில் தீர்ப்புச் சொல்வது போல, அதனால் மூவர். தம்ஹூயில் வசூலும் பங்கீடும் ஒரே நாளில் முடிவதால் இரண்டுக்குமே மூவர்.

வசூலிப்பவர்களுக்குக் கட்டுப்பாடுகள் (பாபா பத்ரா 8ஆ):

கடைத்தெருவில் இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது. ஒருவர் வாசலிலும் மற்றவர் கடைக்குள்ளும் நிற்கலாம், அவ்வளவுதான். வழியில் சொந்தக் கடன்காரன் எதிர்ப்பட்டுப் பாக்கியைக் கொடுத்தால் அதைத் தன் மடியில் போடக்கூடாது, உண்டியலில் போட்டு வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தெருவில் பார்ப்பவனுக்கு அது ஊர்ப்பணத்தை மடியில் செருகுவதாகத்தான் தெரியும். செப்புக்காசை வெள்ளியாக மாற்றும்போது தன் வெள்ளியோடு மாற்றக்கூடாது, வெளியாளிடம் மாற்ற வேண்டும். தம்ஹூயில் மீந்த உணவைத் தானே விலைக்கு எடுக்கக்கூடாது. காசை இரண்டிரண்டாக எண்ணக்கூடாது, ஒவ்வொன்றாகத்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தானம் வசூலிப்பவர்களிடம் கணக்குக் கேட்காதே என்றும் அதே தல்மூத் சொல்கிறது (9அ). முரண் மாதிரித் தெரியும். திருட வழி வைக்காமல் ஏற்பாட்டைக் கட்டிவிட்டால் ஆளைச் சந்தேகித்து அவமானப்படுத்த வேண்டியதில்லை என்பது என் வாசிப்பு. பின்னாளில் 'ஷுல்ஹான் அரூக்' சட்டத்தொகுப்புக்குக் குறிப்பெழுதிய ரெமா, கேட்காவிட்டாலும் தாமாகவே கணக்குக் காட்டிவிடுவது நல்லது என்று சேர்த்துவிட்டார்.

#3 திண்ணைவாசி

ஒரு சந்தேகம். '14 வேளைச் சாப்பாடு கையில் உள்ளவன் குப்பாவிலிருந்து எடுக்கக்கூடாது' என்று மிஷ்னாவின் பேஆ பகுதியில் (8:7) இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் ஆறு நாளைக்கு 12. ஓய்வுநாளில் மூன்று வேளை கட்டாயம். கூட்டினால் 15 வருகிறதே?

#4 கணக்கப்பிள்ளை

திண்ணைவாசி, இதே கேள்வியைத் தல்மூதும் கேட்கிறது (ஷபாத் 118அ). பதில்: ஓய்வுநாள் முடிந்த இரவில் சாப்பிட வேண்டியதைப் பொழுது இருக்கும்போதே மூன்றாம் வேளையாகச் சாப்பிட்டுவிடு. ஆக 14தான்.

எல்லைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வேளைக்கு இருப்பவன் தம்ஹூயைத் தொடக்கூடாது. 14 வேளைக்கு இருப்பவன் குப்பாவைத் தொடக்கூடாது. 200 ஸூஸ் காசு உள்ளவன் வயலில் ஏழைக்கென விடும் கதிரை எடுக்கக்கூடாது. 199 இருந்தால்? ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். 50 ஸூஸ்தான், ஆனால் அதைப் போட்டு வியாபாரம் நடக்கிறது என்றால் எடுக்கக்கூடாது. புரளும் 50ஐச் சும்மா கிடக்கும் 200க்குச் சமமாக வைத்திருக்கிறார்கள்.

வழிப்போக்கனுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு என்பதையும் விலையோடு கட்டியிருக்கிறார்கள்: நான்கு ஸெஆ (ஒரு முகத்தலளவு) கோதுமை ஒரு ஸெலா நாணயத்துக்கு விற்கும் காலத்தில் ஒரு பொந்தியோன் காசுக்குக் கிடைக்கும் ரொட்டி. அது இரண்டு வேளைக்கு வரும். இரவு தங்கினால் படுக்க ஏற்பாடு. ஓய்வுநாள் தங்கினால் மூன்று வேளைச் சாப்பாடு.

#5 பனையோலை

புதிதாகக் குடிவந்தவர் எப்போதிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதும் அங்கேயே வருகிறது அல்லவா? தம்ஹூய்க்கு 30 நாள், குப்பாவுக்கு மூன்று மாதம், துணி நிதிக்கு ஆறு, அடக்கச் செலவுக்கு ஒன்பது, ஊர்க்காவல் மதிலுக்கு 12 மாதம். அவசரமான செலவுக்கு முதலில் கை நீட்டுகிறார்கள். பசியை முதலிலும் மதிலைக் கடைசியிலும் வைத்த ஊர் என்பது கவனிக்க வேண்டியது.

#6 மருதாணி

உணவைப் பற்றிப் பேசுகிறீர்கள். கொள்ளைநோய்ப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உயிர் காப்பதை 'பிக்கூவாஹ் நெஃபெஷ்' என்பார்கள். வேர், லேவியராகமம் 18:5: 'அவற்றால் பிழைப்பான்'. ஷ்முவேல் என்ற ஆசான் இதற்குச் சொன்ன உரை, பிழைப்பான், அவற்றால் சாகமாட்டான் (யோமா 85ஆ). ஓய்வுநாளில் கட்டடம் இடிந்து விழுகிறது. உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா, உயிரோடா பிணமா, எதுவுமே தெரியாது. அப்போதும் தோண்ட வேண்டும். சந்தேகமே போதும்.

இங்கே இரண்டு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. ஒன்று, இந்த வேலையைச் சிறுவரிடமோ வேற்று இனத்தவரிடமோ தள்ளிவிடக்கூடாது, ஊரின் பெரியவர்களே செய்ய வேண்டும். பெரிய ரப்பியே ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதைப் பார்த்தால்தான் அடுத்த முறை மற்றவன் தயங்கமாட்டான். இரண்டு, எருசலேம் தல்மூதின் கடுமையான வாசகம். 'இது கூடுமா?' என்று கேட்டுக்கொண்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறான், அந்தக் கேள்வி யாரிடம் வந்ததோ அவரும் இகழத்தக்கவர். ஏன் அவரையும் திட்ட வேண்டும்? ஊருக்கு முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

1848இல் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) காலரா பரவியபோது ரப்பி இஸ்ரேல் ஸாலன்டர் செய்ததை இந்த வாசகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். யோம் கிப்பூர் வருகிறது, ஆண்டின் ஆகக் கடுமையான 25 மணி நேர நோன்பு. யாராவது வந்து கேட்கட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. முன்கூட்டியே தொழுகைக்கூடங்களில் அறிவிப்பு ஒட்டினார்: நோன்பு வேண்டாம், கூடுதல் பாசுரங்களைக் குறையுங்கள், வெளியே காற்றாட நடங்கள். நகரின் மற்ற ரப்பிகள் சிலர் ஆட்சேபித்தார்கள். அவரே மேடையேறித் தின்று காட்டினார் என்ற கதை பிரபலம், ஆனால் அதற்குப் பல வடிவங்கள் உண்டு. எனக்கு அறிவிப்புத்தான் முக்கியம்.

#7 திண்ணைவாசி

மருதாணி அம்மா, நோயாளி நோன்பை முறிக்கும்போது 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பார்களே, அதற்கு அளவு உண்டா?

#8 மருதாணி

உண்டு. ஷுல்ஹான் அரூக், ஓரஹ் ஹயீம் என்ற பகுதி, 618. ஒரு தடவைக்கு நடுத்தர முட்டையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குள் உணவு. இன்று வழக்கத்தில் சுமார் 30 மில்லி என்று அளக்கிறார்கள். அடுத்த வாய்க்கு இடைவெளி ஒன்பது நிமிடம் என்பது பரவலான கணக்கு. நீருக்கு ஆளுக்கு ஆள் அளவு மாறும், ஒரு கன்னம் உப்பும் அளவுக்குக் குறைய வேண்டும். அதனால் முந்தின நாளே வாயில் நீரை வைத்துத் துப்பி, அளந்து, கோப்பையில் குறியிட்டுக்கொள்வது நல்லது. நோன்பு தொடங்கிய பிறகு அளவு தேடினால் தடுமாற்றம்தான்.

தவறு நடப்பது இங்கேதான். இந்தச் சிறு அளவுக் கணக்கு, காத்திருக்க முடிந்த நோயாளிக்கு மட்டும். மயக்கமோ உடனடி ஆபத்தோ என்றால் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது, வேண்டிய அளவு கொடுத்துவிட வேண்டும். மருத்துவர் 'தாங்குவார்' என்றாலும், நோயாளி 'எனக்கு வேண்டும்' என்றால் அவர் வார்த்தைதான் செல்லும். பக்தி மிஞ்சி ஒன்பது நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், சட்டத்தை மதிக்கிறேன் என்று நினைத்துச் சட்டத்தை மீறுகிறார்.

#9 திண்ணைவாசி

எல்லாம் சரி. ஆனால் முட்டை அளவு, 199 காசு, 14 வேளை என்று போனால் மனம் எங்கே போயிற்று? பேரேடு எழுதுகிற இரக்கமாக இருக்கிறதே.

#10 பனையோலை

மனம் போகவில்லை, அவமானம் எங்கே படுகிறது என்று அந்த மனம்தான் நுணுகிப் பார்த்திருக்கிறது. தல்மூதின் மோஎத் காதான் 27இல் பாருங்கள். துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோகும்போது வசதியானவர்கள் வெள்ளிக் கூடையிலும் பொன் கூடையிலும் எடுத்துப் போனார்கள். இல்லாதவர்கள் தோலுரித்த வில்லோ மிலாறில் முடைந்த கூடையில். ஏழைகள் கூசினார்கள். சட்டம் வந்தது: இனி எல்லாருக்கும் மிலாறுக் கூடை. பணக்காரர் வீட்டில் வெள்ளைக் கண்ணாடிக் குவளை, ஏழை வீட்டில் மலிவான நிறக் கண்ணாடி. சட்டம்: எல்லாருக்கும் நிறக் கண்ணாடி. ஏழையை மேலே தூக்கக் காசில்லாத இடத்தில் பணக்காரரைக் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

பிண அடக்கமும் அப்படித்தான். உயர்ந்த துணி போட்டு அடக்கும் செலவு சாவைவிடக் கொடுமையாகி, உறவினர் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடும் நிலை வந்தது. ரப்பான் கமலியேல் என்ற தலைவர் தன் உடலுக்குச் சாதாரண லினன் (ஆளிநார்த் துணி) உடை போதும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். பிறகு எல்லாரும் அதையே பின்பற்றினார்கள். இன்றும் யூத அடக்கக் குழுக்கள் உடுத்துவது, ஏழை பணக்காரர் பேதமில்லாத பையற்ற வெள்ளை உடை.

#11 மருதாணி

திண்ணைவாசிக்கு இன்னொன்று, தல்மூதின் கெத்தூபோத் 67ஆ. மார் உக்வா என்ற அறிஞர் தினமும் நான்கு ஸூஸை ஓர் ஏழையின் கதவுக்குடுமிக் குழியில் போட்டுவிட்டுப் போவார். போடுவது யார் என்று பார்க்க அந்த ஏழை ஒரு நாள் வெளியே வந்தான். மார் உக்வாவும் மனைவியும் ஓடிப்போய், தணல் வாரியும் சூடு ஆறாத ஓர் அடுப்புக்குள் ஒளிந்தார்கள். அவர் கால் சுட்டது. 'என் காலின்மேல் உங்கள் காலை வையுங்கள்' என்றாள் மனைவி. அவள் கால் சுடவில்லை. அவருக்கு மனம் வாடிவிட்டது. அவள் சொன்ன காரணம்: நான் வீட்டில் இருக்கிறேன், என் கொடை உடனே வாய்க்குப் போகிறது.

அவர் கொடுப்பது காசு, அதைக் கொண்டுபோய் வாங்கிச் சமைத்த பிறகே பசி ஆறும். மேலே கணக்கப்பிள்ளை சொன்ன ரொட்டிக்கும் கோதுமைக்கும் உள்ள அதே வேறுபாடு. சட்டம் 'உணவு கேட்டவனை விசாரிக்காதே, துணி கேட்டவனை விசாரி' என்று முடித்ததும் இதே காரணத்தால்தான். துணி ஒரு நாள் பொறுக்கும்.

#12 ஏட்டுப்பூச்சி

தாமதமாக வருகிறேன். முதல் பதிவில் இடித்த 'டிக்குன் ஓலம்' பற்றி ஒரு திருத்தம். மிஷ்னாவில் அது வெறும் முழக்கமல்ல, சட்டக் காரணமாக வருகிறது. அதுவும் சில நேரம் கையைக் கட்டும் காரணமாக.

கித்தீன் 4:6: பிணைக்கைதிகளை அவர்களின் மதிப்புக்கு மேல் கொடுத்து மீட்காதீர்கள், 'உலகச் சீர்மைக்காக'. தல்மூத் இரண்டு காரணம் யோசிக்கிறது: ஊர் நொடித்துப்போகும், அல்லது பிடிப்பவன் ருசி கண்டு இன்னும் பிடிப்பான். இத்தனைக்கும் கைதி மீட்பைத்தான் எல்லாத் தானத்திலும் பெரிது என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் எழுதிவைத்த வரிசையைப் பாருங்கள். தொழுகைக்கூடம் கட்ட வசூலித்த பணத்தைக் கைதி மீட்க எடுக்கலாம். கல்லும் உத்தரமும் வாங்கியாயிற்றா, செதுக்கிக்கூட ஆயிற்றா, அதையும் விற்கலாம். கட்டி முடித்துவிட்டால் மட்டும் விற்காமல் ஊரில் புதிதாக வசூலிக்க வேண்டும்.

அவர் சும்மா எழுதவில்லை. 1168இல் சிலுவைப்போர் மன்னன் அமால்ரிக் எகிப்தின் பில்பெய்ஸ் நகரைப் பிடித்துப் பலரைச் சிறைகொண்டபோது, ஃபுஸ்தாத்திலிருந்து (பழைய கெய்ரோ) ஊர் ஊராக மீட்புப் பணம் கேட்டு ஆள் அனுப்பியவர் அவர். அந்தக் கடிதம் கெய்ரோ கெனிஸா (தொழுகைக்கூடத்தின் பழைய ஏட்டுக் கிடங்கு) ஏடுகளில் கிடைத்தது. அந்த வட்டாரத்தில் ஒரு கைதிக்கு வழக்கமான விலை 33⅓ தினார், மூன்று பேருக்கு 100. இப்படி ஒரு சந்தை விலை இருந்தால் 'மதிப்புக்கு மேல்' என்ற சட்டத்துக்கு அதை அளவுகோலாகக் கொள்ளலாம்.

அந்த விதிக்கு ஆன விலையும் உண்டு. ஜெர்மனியின் ரோத்தன்பர்க் ரப்பி மெய்ர் 1286இல் பிடிபட்டு, மன்னர் ருடால்ஃபால் சிறையிடப்பட்டு, சிறையிலேயே 1293இல் இறந்தார். பெருந்தொகை கொடுத்துத் தன்னை மீட்கக்கூடாது என்று அவரே தடுத்தார் என்பது மரபு. உடலைக்கூட 1307 வரை தரவில்லை. அலெக்ஸாண்டர் விம்ப்ஃபன் என்ற வணிகர் பணம் கொடுத்து மீட்டார், பக்கத்தில் தன்னை அடக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. வோர்ம்ஸ் கல்லறையில் இரண்டு கல்லும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

#13 திண்ணைவாசி

இவ்வளவும் யூதர்களுக்குள்தானே? வெளியாளுக்கு?

#14 ஏட்டுப்பூச்சி

கித்தீன் 61அ: வேற்று இன ஏழையையும் இஸ்ரவேலின் ஏழையோடு சேர்த்துப் பராமரி, அவர்கள் நோயாளியைப் போய்ப் பார், அவர்கள் இறந்தால் அடக்கம் செய். காரணம் 'சமாதான வழிகள்'. இது வெறும் ராஜதந்திரமா, அறமா என்ற சண்டை நூற்றாண்டுகளாக ஓடுகிறது. தம்ஹூய்த் தட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

#15 கணக்கப்பிள்ளை

'டிக்குன் ஓலம்' சட்டத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு, ஹில்லேல் என்ற ஆசானின் 'ப்ரோஸ்புல்' பத்திரம். ஏழாம் ஆண்டில் கடன் ரத்து என்கிறது உபாகமம் 15. நல்லெண்ணச் சட்டம். விளைவு? ஆறாம் ஆண்டு வந்ததும் ஏழைக்கு யாரும் கடன் கொடுப்பதில்லை. இப்படி ஆகும் என்று அதே அதிகாரம் எச்சரித்தும் இருக்கிறது, ஆனாலும் ஆயிற்று. ஹில்லேல், கடனை நீதிமன்றத்தின் பெயருக்கு மாற்றும் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தார். ரத்து என்பது தனிநபர் வசூலுக்குத்தான், நீதிமன்றம் வசூலிக்கும் கடனுக்கு இல்லை. வாசகம் இரண்டு வரிதான்: 'இன்ன ஊரின் நீதிபதிகளாகிய உங்களிடம் ஒப்படைக்கிறேன், எனக்கு வரவேண்டிய எந்தக் கடனையும் நான் விரும்பும்போது வசூலிப்பேன்.' கீழே கையெழுத்து.

நிபந்தனை ஒன்று உண்டு. கடன் வாங்கியவனுக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடன் கொடுத்தவனே தன் நிலத்தில் துளியளவு கொடுத்துவிட்டுப் பத்திரம் எழுதலாம். எவ்வளவு துளி? ஒரு முட்டைகோஸ் தண்டு நிற்கும் அளவு.

தானத்துக்கு மைமோனிடீஸ் வகுத்த எட்டுப் படியில் ஆக மேலே இருப்பதும் இனாம் மட்டுமல்ல என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். விழப்போகிறவனுக்குக் கொடையோ கடனோ கொடு, கூட்டாளியாக்கு, வேலை தேடிக் கொடு, அவன் கையேந்தும் நிலை வருமுன். ஆகக் கீழ்ப்படி, முகம் சுளித்துக் கொடுப்பது.

#16 திண்ணைவாசி

ப்ரோஸ்புல் இன்றும் எழுதுகிறார்களா, ஏட்டில் மட்டும்தானா?

#17 கணக்கப்பிள்ளை

எழுதுகிறார்கள். கடைசியாக ஏழாம் ஆண்டு 2022 செப்டம்பரில் முடிந்தது. அச்சிட்ட படிவம், பெயரும் ஊரும் தேதியும் நிரப்பினால் போதும். அடுத்தது 2028-29, எலூல் மாதம் 29ஆம் தேதி பொழுது சாய்வதற்குள் கையெழுத்தாகியிருக்க வேண்டும். வட்டியில்லாக் கடன் நிதி நடத்துபவர்கள் இதைத் தள்ளிப்போட்டுக் கடைசி நாளில் வரிசையில் நிற்பார்கள்.